டர்ன் டவுன்னா குறைக்கிறதா, வேணாம்னு சொல்றதா? வினையோட ஒரு குட்டி வார்த்தை சேந்து அர்த்தம் மாறுற இந்த ஃப்ரேசல் வெர்ப எல்லாம் எப்படி மண்டைல ஏத்துறீங்க?

அரைகுறை_இங்கிலீஷ்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா புலம்பப் போறேன் பொறுத்துக்கோங்க. நேத்து ஆபீஸ்ல மானமே போச்சு. டீம்ல ஒருத்தர் ஒரே வரில மெயில் போட்டிருந்தார், "தே ஹேவ் டர்ன்ட் டவுன் அவர் ப்ரொபோசல்"னு. எனக்கு டர்ன் டவுன்னா டிவி சத்தத்த குறைக்கிறதுதான் தெரியும், சரி க்ளையன்ட் ரேட்ட குறைக்கச் சொல்றாங்க போலன்னு நானே முடிவு பண்ணி, ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து அங்க இங்க வெட்டி 15 சதவீதம் குறைச்சு புது எஸ்டிமேட் அனுப்பிட்டேன். காலைல லீட் போன் பண்ணி "வேணாம்னு சொன்னவங்களுக்கு எதுக்குய்யா திரும்ப அனுப்புற"ன்னு கேட்டப்பதான் விஷயமே புரிஞ்சுது.

ரிஜெக்ட்னு எழுதிருந்தா எனக்கு புரிஞ்சிருக்கும்ல? போஸ்ட்போன் தெரியும், டாலரேட் தெரியும், இன்வெஸ்டிகேட் தெரியும். ஆனா பேசுறவங்க யாரும் அத சொல்லாம புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டுன்னுல்ல போறாங்க. நெட்ல 200 ஃப்ரேசல் வெர்ப் லிஸ்ட் ஒன்ன எடுத்து மனப்பாடம் பண்ணேன், கிவ் அப், கிவ் இன், கிவ் அவே, கிவ் ஆஃப்னு வரிசையா. ரெண்டே நாள்ல எல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்து சாம்பாராயிடுச்சு.

ரெண்டு கேள்வி. அந்த பின்னாடி வர்ற குட்டி வார்த்தைக்கு லாஜிக்னு ஏதாவது இருக்கா இல்ல வெறும் மனப்பாடம்தானா? அப்புறம் "டர்ன் ஆஃப் தி லைட்" சரி, "டர்ன் தி லைட் ஆஃப்" சரி, ஆனா "டர்ன் ஆஃப் இட்" மட்டும் தப்பாமே, ஏன்?

ராக்கோழி:

ப்ரோ முதல்ல பயத்த விடுங்க, இதே வேலைய தமிழ்ல தினமும் நீங்க பண்றீங்க, கவனிச்சதில்ல அவ்ளோதான்.

"கொழந்தைய பாரு"ன்னா கண்ணால பாக்குறது. "கொழந்தைய பாத்துக்கோ"ன்னா? கூடவே இருந்து கவனிச்சுக்கறது. பாரு அதேதான், பின்னாடி ஒரு 'கோ' ஒட்டுனதும் அர்த்தமே மாறிடுச்சுல்ல. லுக் அட், லுக் ஆஃப்டர் ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது அதே வித்தியாசம்தான். இன்னும் பாருங்க, சொல்லு, சொல்லிடு, சொல்லிப் பாரு, சொல்லி வை, சொல்லித் தொலை. தமிழ் கத்துக்கற வெளிநாட்டுக்காரன் கிட்ட "அவர்கிட்ட சொல்லி வை"ன்னு சொன்னா எங்க வைக்கணும்னு கேப்பான், பாவம், அவன் ஒரு பக்கம் உங்கள மாதிரியே உக்காந்து புலம்பிட்டு இருப்பான்.

இங்கிலீஷ்ல வினைக்குப் பின்னாடி வர்ற அப், ஆஃப், அவுட், ஆன் எல்லாம் பல இடத்துல நம்ம விடு, வை, போடு, கொள் செய்ற வேலையத்தான் செய்யுது. யூஸ்னா உபயோகி, யூஸ் அப்னா உபயோகிச்சு தீத்துடு. டியர்னா கிழி, டியர் அப்னா கிழிச்சுப் போடு. ஈட் அப், ஃபில் அப், க்ளீன் அப் எல்லாத்துலயும் அந்த அப் வேலைய முழுசா முடிச்சுடுன்னு சொல்லுது, மேல போறதுன்னு அப்படியே எடுத்துக்கக் கூடாது. ஆன் வந்தா பல தடவ '-ட்டே இரு'தான், "கேரி ஆன்", "ரீட் ஆன்". ரைட் டவுன்னா எழுதி வை. எனக்கு ரொம்ப புடிச்சது புட் ஆஃப். மீட்டிங்க தள்ளிப் போட்டாங்கன்னு சொல்றோம்ல, புட்டுக்கு போடு, ஆஃபுக்கு தள்ளி, அச்சு அசலா அதேதான்!

டர்ன் டவுன் கூட எது டவுன் ஆகுதுன்னு பாத்தா புரிஞ்சுடும். சத்தம், ஏசி, அடுப்பு மாதிரி ஏத்தி இறக்கற பொருள்னா குறைக்கிறது. வேலை, அழைப்பு, ப்ரொபோசல் மாதிரி ஒருத்தர் நீட்டுற விஷயம்னா வேணாம்னு சொல்றது.

மனப்பாடப்புலி:

மேல இருக்கறவர் சொன்னது அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல. அர்த்தம் தெரிஞ்ச பிறகு லாஜிக் கண்டுபிடிக்கறது ஈஸி. அர்த்தம் தெரியாம "புட் அப் வித்"த மட்டும் பாத்து சகிச்சுக்கறதுன்னு யாராவது சொல்லிடுவாங்களா? மேக் அவுட்டுக்கு கஷ்டப்பட்டு படிச்சு புரிஞ்சுக்கறதுன்னும் ஒரு அர்த்தம், முத்தம் கொடுக்கறதுன்னும் ஒரு அர்த்தம், இதுல விடு எங்க வருது, கொள் எங்க வருது?

நான் பண்ணது என்னன்னா, கிவ்வுக்கு கீழ பத்து, புட்டுக்கு கீழ பத்துன்னு படிக்கறத முதல்ல நிறுத்துனேன், கலந்து போறதே அதனாலதான். அதுக்கு பதிலா ஒரு சூழ்நிலைய எடுத்துக்கிட்டேன். போன் பேசுறதுன்னு வெச்சுக்கோங்க. லைன்ல இருங்கன்னா "ஹேங் ஆன்". குரல் விட்டு விட்டு கேக்குதுன்னா "யூ ஆர் பிரேக்கிங் அப்". லைன் கட் ஆயிடுச்சுன்னா "வி காட் கட் ஆஃப்". என்னன்னு பாத்துட்டு திரும்ப சொல்றேன்னா "ஐ வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ". ஒரே ஒரு கால்ல இத்தன வருது. அடுத்த நாள் ஆபீஸ்ல ஒருத்தர் பிரேக்கிங் அப்னு சொன்னப்ப எனக்கு தமிழ்ல மாத்தத் தேவையே இல்லாம போச்சு.

இன்னொன்னு, கிவ் இன்னையும் கிவ் அப்பையும் குழப்பிக்காதீங்க. வாக்குவாதத்துல எதிராளிக்கு விட்டுக்கொடுத்தா கிவ் இன், முயற்சியையே விட்டுட்டா கிவ் அப்.

பழைய_டீச்சர்:

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். டர்ன் ஆஃப் மாதிரி பிரியுற வகைல, பொருளோட பேர் வந்தா நடுவுலயும் போடலாம் கடைசிலயும் போடலாம். ஆனா இட், ஹிம், தெம் மாதிரி சுட்டுப்பேர் வந்தா கண்டிப்பா நடுவுலதான். "டர்ன் இட் ஆஃப்", "கால் தெம் அப்". காரணம் வாய்விட்டு சொன்னாலே தெரியும். இட்ங்கறது அழுத்தம் இல்லாத சின்ன சொல், முன்னாடியே தெரிஞ்ச விஷயம். இங்கிலீஷ்ல வாக்கியத்தோட கடைசி இடம் கனமான புது விஷயத்துக்கு, அதனால அழுத்தி சொல்ற ஆஃப் அங்க போய் உக்காருது. இதே காரணத்துக்காக பொருளோட பேர் ரொம்ப நீளமா இருந்தா நடுவுல திணிக்க மாட்டாங்க.

பிரியாத வகையும் இருக்கு. "லுக் ஆஃப்டர் ஹிம்"தான், "லுக் ஹிம் ஆஃப்டர்" கிடையாது. "ஐ ரான் இன்டு ஹெர்"தான். எது எந்த வகைன்னு கண்டுபிடிக்க பெரும்பாலும் காது போதும். பின்னாடி இருக்கற குட்டிச் சொல்ல அழுத்தி சொன்னா பிரியும், "டர்ன் இட் டவுன்"ல டவுன் எவ்வளவு கனமா விழுது பாருங்க. லுக் அட் மாதிரி பிரியாததுல அழுத்தம் லுக் மேலதான். காத நம்பலைன்னா நல்ல லேர்னர்ஸ் டிக்ஷனரிய பாருங்க, டர்ன் ஸம்திங் டவுன்னு ஸம்திங்க நடுவுல போட்டிருந்தா பிரியும், லுக் ஆஃப்டர் ஸம்படின்னு கடைசில போட்டிருந்தா பிரியாது.

இது உங்க ஒருத்தர் தலைவலின்னு நினைக்காதீங்க. சாமுவேல் ஜான்சன் 1755ல போட்ட டிக்ஷனரியோட முன்னுரைலயே, வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்ப கஷ்டம் தர்ற இடம் இதுன்னு எழுதி வெச்சிருக்கார்.

சுவிட்ச்போர்டு:

டீச்சர் சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன். நாம தமிழ்ல பேசறப்ப டர்ன முழுங்கிட்டு "ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு"ன்னு வாலை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டோம், அதான் இங்கிலீஷ் பேசறப்பவும் பல பேருக்கு "ஆஃப் தி லைட்", "ஆன் தி ஃபேன்"னே வாய்ல வருது. டர்ன சேத்துக்கோங்க, இல்ல ஸ்விட்ச்.

அப்புறம் படிப்ப முடிச்சத "ஐ பாஸ்ட் அவுட் இன் 2015"னு ரெஸ்யூம்ல போடறோம்ல, இந்தியால எல்லாருக்கும் புரியும், வெளில பல ஊர்ல அதுக்கு 2015ல மயங்கி விழுந்தேன்னு அர்த்தம் :) க்ராஜுவேட்டட்னு போட்டுடுங்க, வம்பே இல்ல.

எழுதறப்ப லாகின், பேக்கப், செட்டப் எல்லாம் பெயர்ச்சொல்லா வந்தா சேத்து ஒரே சொல். செய்னு சொல்ற இடத்துல ரெண்டா பிரிச்சு எழுதணும். இதுல என் பழைய மேனேஜர் கிட்ட வாங்குன திட்டு தனிக் கதை.

அரைகுறை_இங்கிலீஷ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தள்ளிப் போடு = புட் ஆஃப் இனிமே செத்தாலும் மறக்காது. டீச்சர், டர்ன் இட் டவுன வாய்விட்டு நாலு தடவ சொல்லிப் பாத்தேன், டவுன் நிஜமாவே கனமாத்தான் விழுது, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பாத்தார்.

மதியம் க்ளையன்ட்டுக்கு மன்னிப்பு மெயிலும் போட்டுட்டேன், முழுக்க ஃப்ரேசல் வெர்ப்லயே. "சாரி ஃபார் தி மிக்ஸ்-அப். ஐ மிஸ்ரெட் தி மெயில். வி வில் கம் அப் வித் எ பெட்டர் பிளான். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ." எப்படி?

பழைய_டீச்சர்:

ரொம்ப நல்லா இருக்கு தம்பி. கடைசி வரில மட்டும் ஹியர் இல்ல, ஹியரிங். லுக் ஃபார்வர்ட் டு-ல வர்ற டு அந்த மூனு சொல்லோட ஒட்டுனது, அது பின்னாடி பெயர்ச்சொல் இல்லன்னா இங் போட்ட வடிவம்தான் வரும். அனுப்பறதுக்கு முன்னாடி மாத்திடுங்க.

அரைகுறை_இங்கிலீஷ்:

அனுப்பிட்டேனே டீச்சர்...