புதுப்பிப்பு: மருத்துவமனைக் காவலாளி கைது செய்யலாமா?

முந்தைய இழையில் நான் கேட்டது: மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் தொகைக்காக வாக்குவாதம் செய்த என் மைத்துனரைக் காக்கிச் சீருடைக் காவலாளிகள் ஓர் அறையில் உட்காரவைத்து, கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டா?

தாராவியில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அண்ணாச்சியிடம் விசாரித்தேன். காக்கி போட்டவரெல்லாம் போலீஸ் இல்லை. தனியார் காவலாளிக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே அதிகாரம்தான்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), 40ஆம் பிரிவு. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் ஆளைப் பிடிக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த மணிக்கணக்கு 2024 ஜூலை 1 முதல்தான்.

டாக்டர் மேல் கை வைத்திருந்தால் கதையே வேறு. மகாராஷ்டிராவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஜாமீனில் விட முடியாத குற்றம், 3 ஆண்டு வரை சிறை. மைத்துனர் உயர்த்தியது குரலை மட்டும். (வீட்டில் உப்பு கேட்பதே அந்தக் குரலில்தான்.) பில் பாக்கிக்காக ஆளை அடைத்துவைத்தால், அடைத்தவர் மேல்தான் வழக்கு பாயும்.

எழுத்தில் புகார் கொடுத்துவிட்டோம். காவல் நிலைய முத்திரையிட்ட நகல் கையில் இருக்கிறது.