ஒரே நாட்டில் பல பன்னாட்டு அமைப்புகள்: யார் யாரை ஒழுங்குபடுத்துகிறார்கள்?

கேள்வி: வேலூர் மாணவி

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குறித்த களப்பணிக்காகப் பழைய அறிக்கைகளைப் புரட்டியபோது, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, தோல் பதனிடுவோர் கூட்டாக அமைத்த நிறுவனங்கள் எனப் பல பெயர்கள் ஒரே வேலைக்குள் வருவதைக் கண்டேன். இங்கேயே இப்படியென்றால், வங்கதேசம், ருவாண்டா போன்று வெளியுதவியைப் பெரிதும் சார்ந்திருந்த நாடுகளில், யார் எந்தப் பணியைச் செய்வது என்று முடிவு செய்பவர் யார்? ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் என்று பாடத்தில் படித்தோம். அவருக்கு உண்மையில் அதிகாரம் உண்டா?

பதில்: காட்பாடி வாசகர்

தங்கையின் கேள்விக்கு நேரடியான பதில், அதிகாரம் மிகக் குறைவு என்பதே. 2018 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நாட்டுப் பிரதிநிதியே ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தார். அதனால் பிற ஐ.நா. அமைப்புகள் அவரைத் தங்களுடன் நிதிக்குப் போட்டியிடுபவராகவே பார்த்தன. பொதுச்சபையின் 2018 தீர்மானத்தின்படி 2019 ஜனவரி முதல் அப்பதவி தனியாகப் பிரிக்கப்பட்டு, பொதுச்செயலாளருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பதவியாயிற்று. ஆயினும் யுனிசெஃப், உலக சுகாதார அமைப்பு முதலியவற்றின் பணம் அவரவர் தலைமையகத்திலிருந்தோ அவரவருக்கு நேரடியாக நிதி தருவோரிடமிருந்தோ வருகிறது. தன் கையில் பணம் இல்லாதவர் கூட்டம் கூட்டலாம், பொது ஆவணம் தயாரிக்கலாம், ஒரே கிராமத்தில் இருவர் கிணறு தோண்டுவதைச் சுட்டிக்காட்டலாம். தடுத்து நிறுத்த முடியாது. உலக வங்கியோ, ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகளின் உதவி அமைப்புகளோ அவருடைய வட்டத்துக்கே வெளியே நிற்கின்றன.

ஆகவே ஒருங்கிணைப்பு எங்கே நடந்தது என்று தேடினால், அது பெரும்பாலும் உதவி பெறும் நாட்டின் நிதி அமைச்சகத்தில்தான் இருக்கும். ருவாண்டா அரசு, ஒவ்வொரு கொடையாளரும் ஏறத்தாழ மூன்று துறைகளுக்குள் நிற்க வேண்டும் என்று 2010-ஐ ஒட்டி வரையறுத்தது. தங்களுக்குப் பழகிய துறையை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆனால் ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு அந்த அரசுக்கு இருந்தது. வங்கதேசம் 1998-இல் சுகாதாரத்துறையில் வேறு வழியை எடுத்தது: தனித்தனித் திட்டங்களுக்குப் பதிலாக ஒரே துறைத் திட்டம், உலக வங்கியோடு பல கொடையாளர்கள் சேர்ந்து போட்ட பொது நிதி. அங்கும் சிலர் பொதுநிதியில் சேராமல் தனிவழியே தொடர்ந்தனர்.

பதில்: ஆற்காடு ஓய்வூதியர்

காட்பாடி நண்பர் சொன்னது பெருமளவு சரி. எனினும் உதவி தருவோரும் பெறுவோரும் சேர்ந்து ஏற்ற 2005 பாரிஸ் பிரகடனத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. நாட்டின் சொந்தத் திட்டத்தைப் பின்பற்றுவது, அந்நாட்டின் கணக்குமுறையையே பயன்படுத்துவது, கொடையாளர்கள் தமக்குள் இணங்கிச் செயல்படுவது என அன்று ஒப்புக்கொண்டவர்கள் 2010-க்கு வைத்த 13 இலக்குகளில், உலக அளவில் எட்டப்பட்டது ஒன்றே ஒன்று. அதுவும் தொழில்நுட்ப உதவியை ஒருங்கிணைப்பது. பணத்தைப் பொதுக் கணக்கில் விடுவதைக் காட்டிலும் வல்லுநர்களை ஒன்றாக அனுப்புவது எளிது என்பதால் இதில் எனக்கு வியப்பில்லை.

நம் நாட்டில் வாசல் ஒன்றுதான். வெளிநாட்டுக் கடன் எதுவாயினும் தில்லியில் பொருளாதார விவகாரத் துறை வழியாகவே மாநிலத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டின் சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு உலக வங்கி 2019-இல் ஒப்புக்கொண்ட 28.7 கோடி டாலர் கடனில், குறித்த பலன்கள் எட்டப்பட்டால்தான் பணம் விடுவிக்கப்படும் என்பது ஏற்பாடு. செலவும் அரசின் வழக்கமான முறையிலேயே நடக்கும். ஐ.நா. அமைப்புகளின் ஐந்தாண்டுக் கூட்டுத் திட்டத்தில் (இப்போதையது 2023–2027) அரசின் சார்பில் கையெழுத்திட்டது மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக். அந்த ஆவணத்தைப் படித்து நம் மாவட்டத்தில் எந்த ஊரில் என்ன வேலை என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், அம்மா. அது தேசிய அளவில் எழுதப்பட்டது.

பதில்: வாணியம்பாடி

பாலாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வதில் ஓர் எச்சரிக்கை. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு தொழில்நுட்பம் கற்றுத் தந்தது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசுகளின் மானியமும் தொழிலதிபர்களின் பங்கும் சேர்ந்தன. ஆனால் எல்லோரையும் நகர்த்தியது, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை அது வலியுறுத்தியது. ஆக, இங்கே கட்டாயம் எந்த உதவி அமைப்பிடமிருந்தும் வரவில்லை.

கேட்டவர்: வேலூர் மாணவி

மூவருக்கும் நன்றி. ஒரு நாட்டில் ஒருங்கிணைப்பு உண்மையாக இருக்கிறதா என்று அறிய முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: காட்பாடி வாசகர்

வெளியுதவி அந்த நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். அதன்பின், கொடையாளர்கள் அமைச்சகத்துக்கு வெளியே தனி அலுவலகமும் தனிச் சம்பள விகிதமும் வைத்து எத்தனை திட்டங்களை நடத்துகிறார்கள் என்று எண்ணுங்கள். அத்தகைய அலுவலகங்களை மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாகப் பாரிஸில் வாக்களித்திருந்தார்கள்.