எக்ஸ்-1: மாக் 0.94-ல் எலிவேட்டர் ஏன் கைவிட்டது?

காற்றாடி:
1947 அக்டோபர் 14-ல் சக் யேகர் எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் ஒலிவேகத்தைத் தாண்டியது தெரியும். அதற்கு முந்தைய பறப்பில் மாக் 0.94 (மாக் 1 என்பது ஒலிவேகம்) வாக்கில் கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தும் மூக்கு அசையவே இல்லையாமே, ஏன்? கல்லூரிப் பக்கமே போகாதவரிடம் அந்த விமானத்தை எப்படிக் கொடுத்தார்கள்?

திருகாணி:
விமானம் ஒலிவேகத்தை எட்டுவதற்கு முன்பே, வால் மேல் வளைந்தோடும் காற்று எட்டிவிடும். அங்கே அதிர்ச்சி அலை பிறக்கும். வேகம் கூடக்கூட அது பின்னால் நகரும். எக்ஸ்-1-ல் நேராக எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க, கிடைவாலின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை) கீல் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. வழக்கமாக எலிவேட்டரை அசைத்தால் அதற்கு முன்னால் இருக்கும் ஸ்டெபிலைசர் (கிடைவாலின் முன்பகுதி) மேலும் அழுத்தம் மாறும், வாலின் தூக்குவிசையில் பெரும்பங்கு அங்கிருந்துதான். நடுவில் அலை வந்துவிட்டால் பின்னால் நடப்பது முன்னால் எட்டாது.

மருந்து விமானத்திலேயே இருந்தது. ட்ரிம் செய்ய, அதாவது விமானத்தைச் சமநிலையில் வைக்க, ஸ்டெபிலைசர் முழுவதையும் மோட்டார் வைத்துத் திருப்பலாம். எலிவேட்டரை விட்டுவிட்டு அதையே கால் டிகிரி, மூன்றிலொரு டிகிரி என்று நகர்த்தச் சொன்னவர் பொறியாளர் ஜாக் ரிட்லி. 14-ஆம் தேதி 0.83, 0.88, 0.92 என்று ஒவ்வொரு படியிலும் அசைத்துப் பார்த்த பிறகுதான் யேகர் மேலே போனார். எட்டியது மாக் 1.06, சுமார் 43,000 அடியில்.

சுக்கான்:
படிப்பு பற்றி: யேகர் 1941-ல் அமெரிக்க ராணுவ விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆள். கணக்குக்கு கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரிட்லி இருந்தார். எக்ஸ்-1-ல் த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கிடையாது. தலா 1,500 பவுண்டு உந்துவிசை தரும் நான்கு எரியறைகள், எத்தனை எரிகின்றன என்பதுதான் வேகக் கட்டுப்பாடு. நான்கும் சேர்ந்தால் எரிபொருள் இரண்டரை நிமிடம் தாங்கும். அதற்குள் சொன்ன புள்ளியில் சொன்ன வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், பட்டம் அதற்கு உதவாது.

திருகாணி:
ஆனால் ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 1953 டிசம்பர் 12-ல் யேகரே எக்ஸ்-1-ன் மேம்பட்ட வடிவமான எக்ஸ்-1ஏ-வில் மாக் 2.44 தொட்டார். அந்த வேகத்தில் செங்குத்து வாலின் பிடிமானம் குறைந்துவிடும். விமானம் உருள ஆரம்பித்ததும் விமான உடலின் நிலைமமே மூக்கைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தள்ளியது. ஒரு நிமிடத்துக்குள் சுமார் 50,000 அடி விழுந்தது. காற்று அடர்த்தியான பிறகு, 25,000 அடி வாக்கில்தான் சுழலிலிருந்து மீட்க முடிந்தது.

காற்றாடி:
எஞ்சின்?

சுக்கான்:
அதற்குள் நின்றிருந்தது. வறண்ட ஏரிப்படுகையில் கிளைடர் மாதிரிதான் இறங்கினார். இந்த ராக்கெட் விமானங்களுக்கு அது வழக்கமான இறக்கமே.