மறு: 'ரோல் பிளே' – நடிப்பா, பேச்சா?

> 'பாத்திரமேற்று நடித்தல்' பழகிய சொல்தானே, புதிதாக எதற்கு?

மொழி வகுப்பில் பிள்ளைகள் வேறொருவராக மாறிப் பேசிப் பழகும் 'ரோல் பிளே'க்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம். 'பாத்திரமேற்று நடித்தல்' பழகிய சொல்தான் ஐயா, என்னைப் படுத்தியதும் அதுதான். கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லித் தருகிறேன். வீட்டில் சாத்ரி என்ற அந்தப் பக்கத்து மொழி பேசுகிறவர்கள். "ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கோங்க" என்றேன். ஒரு பயல் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்தான்.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பெரிய கோளாறு 'நடித்தல்' என்பதில். நடிப்பு என்று காதில் விழுந்ததும் வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். ஆண்டுவிழா நாடகம் தயார். ரோல் பிளேயில் எழுதிய வசனமே கூடாது. ஆளுக்கொரு குறிப்புச் சீட்டு. ஒருவர் சீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அதைக் கேட்டு வாங்கத்தான் பேச்சே பிறக்கிறது.

போன வாரம் வகுப்பில் மேட்டுப்பாளையம் பஸ் காட்சி. பயணி சீட்டில்: 'அரவேணு போகணும், 200 ரூபாய் நோட்டுதான் இருக்கு.' கண்டக்டர் சீட்டில்: 'பையில் சில்லறை இல்லை.' கண்டக்டரான பெண் கொஞ்ச நேரம் முழித்தாள். அப்புறம் இல்லாத டிக்கெட்டைத் திருப்பி, உள்ளங்கையில் வைத்து எழுதினாள். "பாக்கி பின்னாடி எழுதிருக்கு, எறங்கறப்ப வாங்கிக்கோ." நான் சொல்லிக்கொடுத்த வாக்கியமே இல்லை. 'வாங்கிக்கோ'வை 'வாங்கிக்கோங்க' ஆக்கும் பேச்சையும் எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்தேன்.

> அகப்பாடல்களில் 'தோழி கூற்று' உண்டே. 'கூற்றேற்றல்' எனலாமா?

அழகான இடம் அம்மா. புலவர் தன் குரலை விட்டுத் தோழியாகவும் செவிலியாகவும் பேசுவது இதற்குப் பங்காளி முறைதான். ஆனால் கூற்று என்றால் எமனும்தானே. பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வருகிறார்கள். 'ஆள்மாறிப் பேசல்' என்றாலோ ஆள்மாறாட்டம் என்று போலீஸ் ஸ்டேஷனில்தான் போய் நிற்கும்.

என் ஓட்டு 'வேடப்பேச்சு'க்கு. கூத்தில் வேடம் கட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி தெரியும். சொல் 'பேச்சு' என்று முடிவதால் நடிப்பு தானாகப் பின்னுக்குப் போகும். சீட்டுக்கு 'வேடச்சீட்டு'.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பிள்ளை தானாகவே இருந்துகொண்டு, கற்பனையான இடத்தில் மட்டும் பேசுகிற சிமுலேஷனுக்கு இது ஒட்டாது. அங்கே வேடமே இல்லை. அதற்குச் 'சூழற்பேச்சு' போதுமா? நீங்கள் சொல்லுங்கள்.