ஆக்டேவியா ஆர்எஸ்230: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கொங்கு டர்போ:
2017இல் எடுத்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்230 என்னிடம் இருக்கிறது, ஆக்டேவியாவின் ஸ்போர்ட்ஸ் மாடல். ஒரே கை. ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது) செய்ததில்லை, கம்பெனி சைலன்சர்கூட அப்படியே இருக்கிறது. இப்போது ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். வீட்டில் எல்லோரும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள், எனக்குத்தான் மனசு வரவில்லை. இந்தியாவுக்கு வந்ததே 500 வண்டிதான். அதிலும் கை வைக்காமல், அடிபடாமல் எத்தனை மிஞ்சியிருக்கும்? இன்னும் பத்து வருடம் கவர் போட்டு ஷெட்டில் வைத்தால் சேகரிப்பவர்கள் தேடி வரும் வண்டியாகிவிடும் என்று நம்புகிறேன். சரியா, தப்பா?

அடையாறு:
கொடுத்துவிடுங்கள் நண்பரே. எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்த வண்டியும் விலை ஏறியதில்லை. 500 வண்டி இருக்கிறது, அதை மனசார விரும்புகிறவர் 50 பேர்தான் என்றால் அது அரிய வண்டியே இல்லை. மேலும் ஸ்கோடா இதோடு நிறுத்தவும் இல்லை. 2020இல் ஆர்எஸ்245 என்று 200 வண்டி வந்தது. 2025இல் இன்னும் 100 வண்டி, 265 பிஎஸ் பவர், விலை 49.99 லட்சம். ஒவ்வொரு முறை புதுசு வரும்போதும் உங்களுடையது ஒரு படி பழசாகிறது.

பணக் கணக்கையும் பாருங்கள். உங்கள் வண்டியின் ஷோரூம் விலை 24.62 லட்சம். அதை 7 சதவீத வட்டியில் எட்டு வருடம் போட்டிருந்தால் 42 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், டயர் எதையும் நான் சேர்க்கவில்லை. இன்னும் பத்து வருடம் வைத்து அந்த இடத்தை எட்டிப் பிடிக்க முடியும் என்று நினைக்கிறீர்களா?

மூன்றாம் கியர்:
அடையாறு, வட்டிக் கணக்கு போட்டால் உலகத்தில் யாருமே கார் வாங்கக் கூடாது. விரும்புகிறவர் 50 பேர்தான் என்று நீங்களாக முடிவு கட்டுவதுதான் தப்பு. மெர்சிடிஸ் 500ஈ கதையைப் பாருங்கள். ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடிய அதே டபிள்யூ124 உடம்புதான், உள்ளே 5 லிட்டர் வி8. மட்கார்டு அகலமாக இருந்ததால் மெர்சிடிஸின் சொந்த லைனில் நுழையவில்லை. அதனால் போர்ஷேயின் ட்சுஃபன்ஹவுசன் ஆலைக்கு அனுப்பித்தான் பொருத்தினார்கள். 1990 முதல் 1995 வரை மொத்தம் 10,000த்துக்குச் சற்று மேல். ரொம்ப வருடம் அதுவும் வெறும் பழைய பென்ஸ் விலைக்குத்தான் கைமாறியது. இன்று நல்ல வண்டி ஏலத்துக்கு வந்தால் ஆட்கள் போட்டி போடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊரிலேயே பழைய ஹோண்டா சிட்டி வீடெக் இருக்கிறதே? 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். அது எண்ணி எண்ணி விட்ட வண்டியும் இல்லை. இருந்தும் துருப்பிடிக்காத ஒன்று வந்தால் விளம்பரம் போட்ட அன்றே போய்விடுகிறது. காலேஜ் படிக்கும்போது அதை ஏக்கத்தோடு பார்த்தவர்கள் கையில் இன்று காசு இருக்கிறது. 2017இல் பள்ளிக்கூட வாசலில் நின்று ஆர்எஸ்ஸைப் பார்த்த பையன்களுக்கும் ஒரு நாள் வரும்.

அடையாறு:
சிட்டி வீடெக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மேனுவல் கியரில் எடுத்து ஓட்டும் சுகத்துக்காகத்தானே தேடுகிறார்கள்? ஆர்எஸ்230 இங்கே டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியரில் மட்டும்தான் வந்தது. அமெரிக்காவில் செவர்லே எஸ்எஸ் விலையை விழாமல் தாங்குவதும் இந்த மேனுவல் கியர் விஷயம்தான். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் செய்து அனுப்பிய கார் அது, 6.2 லிட்டர் வி8. 2015 மாடலில் இருந்து மேனுவல் கியரும் கிடைத்தது, இன்று கூடுதல் விலை கேட்பது அந்த மேனுவலுக்குத்தான். 2017 அக்டோபரில் ஹோல்டன் ஆலையையே மூடிவிட்டார்கள். இனி அப்படி ஒன்று வரப்போவதில்லை என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். ஆர்எஸ்ஸுக்கு அந்த முற்றுப்புள்ளி இன்னும் விழவில்லை.

சட்டம் இன்னொரு பக்கம். ஜெர்மனியில் 30 வயதான வண்டிக்கு எச் பிளேட் (பழைய வண்டிக்கான தனி நம்பர் பிளேட்) கொடுத்து வரிச்சலுகையும் தருகிறார்கள். 500ஈ வைத்திருப்பவருக்கு அது பெரிய பலம். இங்கே 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிய 50 வயது ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2067. அப்படிப் பதிந்த பிறகும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு தவிர ரோட்டில் தினமும் ஓட்ட முடியாது. அதற்கு முன்னால் 2032இல் 15 வருடம் முடிகிறது. அப்போது எஃப்சி, புதுப்பிப்பு, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதே அலைச்சல். இதையெல்லாம் தாண்டி அதிக விலை கொடுத்து வாங்க யார் வருவார்?

ஸ்பேனர்:
நான் பட்டறையில் வேலை பார்ப்பவன், இந்த இன்ஜின்களை அடிக்கடி திறக்கிறேன். சட்டம், வட்டி இரண்டையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வண்டியின் உண்மை நிலை. போன மாதம் ஒரு 230 பார்க்கச் சொன்னார்கள், "முழு ஸ்டாக்", அதாவது கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது என்று விற்பனைக்கு வந்தது. கீழே போய்ப் பார்த்தால் டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கிளாம்ப்பில் நட்டு மட்டும் பளபளவென்று புதுசு, பக்கத்துப் பிராக்கெட் முழுக்கக் கருப்பு, ஸ்பேனர் வழுக்கிய கீறல் வேறு. ஸ்கேனர் மாட்டினேன். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் பலமுறை மாற்றி எழுதிய கணக்கு நின்றது. பழைய டவுன்பைப்பைத் திரும்ப மாட்டி, ரீமேப்பை அழித்து விற்கிறார்கள். அந்த 500இல் உண்மையான ஸ்டாக் வண்டி நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அந்த அளவில் கொங்கு டர்போ அண்ணன் சொல்வது சரி.

ஆனால் கவர் போட்டு நிறுத்துவது பெரிய தப்பு அண்ணா. 2017 வண்டி 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்க்கில் கிடந்தால் பம்ப், ரப்பர் எல்லாம் வீணாகும். டயர் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒரு முறை இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்ட வேண்டும். டிஎஸ்ஜி ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிய பில் இருக்கிறதா? வாட்டர் பம்ப் ஹவுசிங் பிளாஸ்டிக், அதில் கசிவு வரும், அதைப் பார்த்தீர்களா? இன்ஜின் சாமான் பிரச்சினை இல்லை, மற்ற ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். ஆர்எஸ்ஸுக்கே உரிய முன் பம்பர், சீட் துணி, இவைதான் பத்து வருடம் கழித்துக் கிடைக்காது. இப்போதே ஒரு செட் வாங்கி வையுங்கள்.

கொங்கு டர்போ:
எல்லா பில்லும் ஃபைலில் இருக்கிறது தம்பி, டிஎஸ்ஜி ஆயில் பில்லும் உண்டு. வாட்டர் பம்ப்பை நான் பார்க்கவில்லை, அடுத்த வாரம் லிஃப்ட்டில் ஏற்றச் சொல்கிறேன். கவர் யோசனையை விட்டுவிட்டேன். அடையாறு, உங்கள் 2067 கணக்கு இரவெல்லாம் தூங்கவிடவில்லை. ஆனாலும் விற்கவில்லை. 2032 புதுப்பிப்பு வரை ஓட்டுகிறேன். அன்றைக்கு ஸ்டாக்காக மிஞ்சியிருக்கும் வண்டிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

மூன்றாம் கியர்:
அப்படியே செய்யுங்கள். பம்பர் கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் நண்பனுடைய 230க்கும் வேண்டும்.

அடையாறு:
என் கருத்து மாறவில்லை. 2032இல் இன்றைய விலையே கிடைத்தால்கூட, ஆறேழு வருட இன்சூரன்ஸும் பராமரிப்பும் உங்கள் கையிலிருந்து போனதுதான். ஓட்டுகிற சந்தோஷத்துக்காக என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், முதலீடாக நினைத்து வைக்காதீர்கள். உங்களிடம் விலை கேட்டவரை எனக்கு அறிமுகம் செய்துவையுங்கள். என் தம்பி அவனுடைய 245ஐக் கொடுக்கத் தயாராக இருக்கிறான்.