ஐயத்தை உரக்கச் சொல்லப் பழக்குதல்: கொச்சியில் பயிற்சி அளித்த அனுபவம்

குமரி மாவட்டத்து நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் முதல் கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர், பூவாறு வரையுள்ள கரையிலிருந்து, கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெயும் நன்னீரும் உணவும் கொண்டுசெல்லும் துணைக் கப்பல்களில் பணியாற்றும் கனவோடு வந்த பிள்ளைகளுக்கு, கொச்சியில் சில ஆண்டுகள் கயிற்று வேலையும் தளப் பாதுகாப்பும் கற்பித்தேன். தீபக், சக்தி போன்ற நம் எண்ணெய்க் கப்பல்களைக் கடற்படையினரே இயக்குகின்றனர். பிரிட்டனில் இதே வேலையை 1905 முதல் ராயல் ஃப்ளீட் ஆக்சிலியரியின் சிவில் மாலுமிகள் செய்துவருகின்றனர். எங்கே சேர்ந்தாலும், கண்ணில் பட்ட கோளாறை அந்தக் கணமே மேலே இருப்பவரிடம் சொல்லும் பழக்கமே முதல் பாடமாக இருக்கவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நடுக்கடலில் எண்ணெய் மாற்றும்போது இரு கப்பல்களும் ஏறத்தாழ 50 மீட்டர் இடைவெளியில் ஒரே வேகத்தில் இணையாக ஓடும். மெல்லிய கயிறு முதலில் போகும்; அதைப் பிடித்துக் கனத்த கயிறு, பிறகு இரும்பு வடம், அதில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய். இடையே பாயும் நீரின் அழுத்தம் குறைவதால் கப்பல்கள் ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கும். வடத்தில் இழுவை மாறுவதை முதலில் காண்பவன் அதன் அருகே நிற்கும் இளைஞன்தான்.

வள்ளவிளையிலிருந்து வந்த ஒரு மாணவன், அப்பாவின் விசைப்படகில் ஆழ்கடல் போய்வந்தவன். கப்பலைத் துறையில் கட்டும் ஒத்திகையில் நைலான் கயிறு இறுகி, புரிகளிலிருந்து நீர் பிதுங்கி, கட்டையில் கிரீச்சிட்டது. அவன் மட்டும் சட்டென்று விலகி நின்றான், வாய் திறக்கவில்லை. அறுந்த நைலான் சுண்டி அடித்தால் காலையே முறித்துவிடும். கயிற்றை இழுக்கும் பொறியான வின்ச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஏன் மக்களே, ஒண்ணும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"சாருக்குத் தெரியாததா? நான் என்னத்தச் சொல்லதுக்குன்னு நெனச்சேன்."

படகில் மூத்தவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடப்பதில்லை. ஆகவே அவனுடைய மரியாதையில் குறை காண முடியாது. கப்பலிலோ வின்ச்சை இயக்குபவருக்குப் பல வேளைகளில் கயிறே தெரியாது. அதன்பின் யார் வேண்டுமானாலும் கையை உயர்த்தி "நிறுத்து" எனக் கூவலாம், தவறாக நிறுத்தினாலும் யாரும் கடியக்கூடாது என்று விதித்தேன். நேரம் வீணாகிறது என்று சக பயிற்றுநர்கள் சிலர் குறைப்பட்டனர்; அந்த நேரம் வீணல்ல என்பதே என் கருத்து.

மூடிய தொட்டிகளைப் பற்றிய பாடம் இன்னும் கடினமாக இருந்தது. துருப்பிடிக்கும் இரும்பே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். எந்த வாடையும் எச்சரிக்காது. மயங்கி விழுந்தவனைத் தூக்க அடுத்தவன் இறங்கி, அவனும் இறப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. அதனாலேயே, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிகள் 2015 முதல், இத்தகைய இடங்களில் இறங்கும் பணியாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மீட்பு ஒத்திகையைக் கட்டாயமாக்கின. கடலில் ஒருவன் விழுந்தால் யோசிக்காமல் குதித்துப் பழகிய பிள்ளைகளிடம், "இறங்காதே, முதலில் ஆள் கூப்பிடு" என்று சொல்லிச் சொல்லித்தான் பதியவைக்க முடிந்தது.

பிந்தைய ஒத்திகை ஒன்றில், வாயு அளக்கும் மீட்டரின் அளவீட்டுச் சான்று காலாவதியாகியிருப்பதை அதே மாணவன் கவனித்தான். மூத்த அதிகாரி ஏணியில் கால் வைத்திருந்த வேளையிலும் கையை உயர்த்தி நிறுத்தினான். வேறு மீட்டர் கொண்டுவந்து, ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பதை உறுதிசெய்த பிறகே ஒத்திகையைத் தொடர்ந்தோம்.