ரெட் க்ளே ராம்ப்ளர்ஸ் நாடகத்துக்கு வாசிச்சது எங்க கிடைக்கும்?

கேரிக்காரன்:
வணக்கம் மக்களே, நான் இருக்கறது நார்த் கரோலினா கேரில. கொஞ்ச நாளா ரெட் க்ளே ராம்ப்ளர்ஸ் பைத்தியம் புடிச்சு ஆட்டுது, 1972ல இந்தப் பக்கம் ஆரம்பிச்ச ஸ்ட்ரிங் பேண்ட், ஃபிடில், பேஞ்சோ, மேண்டலின், அப்புறம் பியானோன்னு கலந்துகட்டி அடிப்பாங்க. கையில சிக்குன ஆல்பமெல்லாம் கேட்டாச்சு. இப்ப தேடறது அவங்க நாடகத்துக்கு வாசிச்சத. 1975ல நியூயார்க்ல அந்தக்கால அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கதைய வச்சு டயமண்ட் ஸ்டட்ஸ்னு ஒண்ணு போட்டாங்களே, அத எழுதுனதும் இவங்கதானே? சாப்பல் ஹில் யுனிவர்சிட்டி வில்சன் லைப்ரரில டேப்பு, பேப்பரெல்லாம் இருக்குங்கறாங்க, என்னய மாதிரி ஐடி வேலை பாக்கற ஆள உள்ள விடுவாங்களா?

பழையடேப்பு:
தாராளமா விடுவாங்க தம்பி, பேர ரெஜிஸ்டர் பண்ணிட்டு உக்கார வேண்டியதுதான், பேனா மட்டும் கூடாது, பென்சில்தான். அங்க சதர்ன் ஃபோக்லைஃப் கலெக்ஷன்னு கேளுங்க, நாட்டுப்புற இசை சமாச்சாரமெல்லாம் சேத்து வச்சிருக்கற பிரிவு அது. ஒரு திருத்தம், டயமண்ட் ஸ்டட்ஸ எழுதுனது ஜிம் வான், ப்ளாண்ட் சிம்ப்சன் ரெண்டு பேரும், ராம்ப்ளர்ஸ் அதுல வாசிச்சு நடிச்சவங்க. சிம்ப்சன் பேண்டுக்குள்ள பியானோவுக்கு வந்தது 1986லதான், அதனால பேண்ட் பேர மட்டும் போட்டு தேடுனா பாதி தப்பிரும். ஆளாளா தேடுங்க. பேண்ட ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் டாமி தாம்ப்சன், அவர் ராம்ப்ளர்ஸுக்கு முன்னாடி ஃபிடில்காரர் ஆலன் ஜபூரோட ஹாலோ ராக் ஸ்ட்ரிங் பேண்ட்ல இருந்தவர், பின்னாடி ஜான் ப்ராஃபிட்னு ஒரு கேரக்டர் எழுதி ஒத்த ஆளா மேடையில நடிச்சவர். பியானோ வாசிச்ச மைக் க்ரேவர் பேண்ட விட்டுட்டு ஆயில் சிட்டி சிம்ஃபனிங்கற நாடகத்துக்குப் போயிட்டார். எல்லாம் ஒரே பெட்டியில இருக்கும்னு நினைச்சா ஏமாந்துருவீங்க.

இன்னொண்ணு, முன்னாடியே மெயில் போட்டுட்டுப் போங்க. ஒரிஜினல் ரீல கையில குடுக்க மாட்டாங்க, காப்பி போட்டுதான் கேக்க விடுவாங்க, காப்பி இல்லன்னா போட நாளாகும். கோவப்படாதீங்க, காரணம் இருக்கு. நான் ஒரு எடத்துல டேப் வேலை பாத்தப்ப எழுபதுகள் ரீல் ஒண்ண அவசரத்துல அப்படியே ஓட்டிட்டேன், கீச்சுன்னு ஒரு சத்தம், டேப்ப படிக்கற ஹெட் பூரா காப்பிப்பொடி மாதிரி அப்பிக்கிச்சு. டேப்புல காந்தப்பொடிய ஒட்டி வச்சிருக்கற பசை, பைண்டர்னு சொல்வாங்க, அது ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆயிருக்கு. அந்த மாதிரி டேப்ப 54 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா வச்சு எடுத்துட்டுதான் ஓட்டணும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும், அதுக்குள்ள டிஜிட்டலுக்கு மாத்திடணும்.

மேண்டலின் மணி:
அண்ணன் டேப்ப பத்தி சொல்லிட்டார், நான் பேப்பர பத்தி சொல்றேன். நாடக இசைக்கு பாட்ட விட க்யூ ஷீட்தான் முக்கியம் ப்ரோ, எந்த வசனத்துல ஆரம்பிக்கணும் எந்த லைட் அணையும்போது நிறுத்தணும்னு இருக்கும். அமெரிக்க நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்டோட எ லை ஆஃப் தி மைண்ட் 1985 டிசம்பர்ல நியூயார்க் ப்ரொமனேட் தியேட்டர்ல வந்துச்சு, அவரே டைரக்ஷன், ராம்ப்ளர்ஸ்தான் இசை. அதோட ஆல்பம் இருக்கு, ஆனா ஆல்பத்துல பாட்டு பாட்டா முழுசா ஓடும், மேடையில சீனுக்கும் சீனுக்கும் நடுவுல அது எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு அத கேட்டு கண்டுபிடிக்க முடியாது. ராம்ப்ளர்ஸ் வாசிச்ச இன்னொரு ஷோ ஃபூல் மூன் இன்னும் மோசம், பில் இர்வினும் டேவிட் ஷைனரும் ஒரு வார்த்தை பேசாம கோமாளித்தனம் பண்ணுவாங்க, ஒருத்தர் தடுக்கி விழுந்தா பேண்டு அந்த நொடியில அடிக்கணும், நம்ம கூத்து மத்தளக்காரர் மாதிரி கண்ணு ஆட்டக்காரர் கால்லயே இருக்கணும். 1993ல ப்ராட்வே வந்து 1999ல ஸ்பெஷல் டோனிங்கற நாடக விருது வாங்கற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டாங்க, அதனால ஸ்க்ரிப்டோ க்யூ ஷீட்டோ பாத்தீங்கன்னா எந்த ரவுண்டோடதுன்னு தேதிய மொதல்ல பாருங்க.

கேரிக்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நான் பேண்ட் பேர போட்டுட்டு அதுலயே முட்டிட்டு இருந்தேன். மெயில் போட்டாச்சு, க்யூ ஷீட் மாதிரி ஏதாவது இருந்தா மொதல்ல அத எடுத்து வைங்கன்னு கேட்டிருக்கேன். பொண்ணோட பென்சில் பாக்ஸ்லேர்ந்து ரெண்ட சுட்டு பையில போட்டு வச்சிருக்கேன், லீவு கிடைக்கறதுதான் பாக்கி.